டார்க் கன்வெர்ட்டர் மாற்றப் போகிறீர்களா? குமரி மாவட்டச் சாலைகளை வைத்து ஒரு வழிகாட்டி

ஆட்டோமேட்டிக் கார் வாங்கிச் சில வருடங்கள் ஓடிய பிறகு, "வண்டி முன்ன மாதிரி இழுக்கல, நல்ல கன்வெர்ட்டரா மாத்திப் போட்டா என்ன?" என்று, எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்பவர்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்போது நிறையப் பேர். மாற்றலாம். ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிக்னலில் பாய்ந்து கிளம்புவதற்காக மாற்றுவது ஒன்று. சூடு குறைந்து, வழுக்கல் இல்லாமல், பல வருடம் உழைப்பதற்காக மாற்றுவது இன்னொன்று. நம் சாலைகளுக்கு இரண்டாவதுதான் தேவை. அதை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் வண்டியில் கன்வெர்ட்டர் இருக்கிறதா?

கிளட்ச் பெடல் இல்லாத வண்டியெல்லாம் ஒரே வகை கிடையாது. மாருதி ஆல்டோ கே10, வேகன்ஆர், செலிரியோ, டாடா டியாகோ போன்றவற்றில் வருவது ஏஎம்டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். அதில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. கியர் லீவரில் 'பி' இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏஎம்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஹூண்டாய், கியா டர்போ பெட்ரோல் வண்டிகளில் வரும் டிசிடி, ஃபோக்ஸ்வேகனின் டிஎஸ்ஜி இரண்டும் இரட்டைக் கிளட்ச் வகை. இவற்றில் 'பி' உண்டு, கன்வெர்ட்டர் இல்லை. ஹோண்டா சிட்டி, அமேஸில் வரும் சிவிடி இன்னொரு வகை. அதில் கன்வெர்ட்டர் இருந்தாலும் கியர்பாக்ஸ் வேலை செய்யும் விதமே வேறு, எனவே அதை இங்கே தொடவில்லை.

இந்தக் கட்டுரை யாருக்கு? இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி700, ஹாரியர், டீசல் கிரெட்டா, எர்டிகா, பெட்ரோல் பிரெஸ்ஸா, 1.0 லிட்டர் ஸ்லாவியா, விர்டஸ் ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு. இவற்றில் இருப்பது அசல் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ். சந்தேகம் இருந்தால் வண்டியோடு வந்த ஓனர் மேனுவலைப் புரட்டுங்கள். விற்பனைப் பிரிவில் சொன்னதை மட்டும் நம்பிப் பாகம் வாங்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, எண்ணெய் நிரம்பி மூடி வெல்டிங் செய்த உருண்டைக் கூடு ஒன்று இருக்கும். அதுதான் கன்வெர்ட்டர். அதன் ஒரு பக்கத் தகடுகள் எஞ்சினோடு சுற்றும், அதற்குப் பெயர் இம்பெல்லர். அது வீசும் எண்ணெய் எதிர்ப்பக்கத் தகடுகளில் மோதி டர்பைனைச் சுற்றவைக்கும். டர்பைன் கியர்பாக்ஸைச் சுற்றவைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர். டர்பைனிலிருந்து திரும்பி வரும் எண்ணெயை இது சரியான கோணத்தில் திருப்பி இம்பெல்லருக்கே அனுப்புகிறது. அதனால்தான் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் தரும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. டர்பைனின் வேகம் இம்பெல்லர் வேகத்தை நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் குறைந்துகொண்டே வந்து ஒரு மடங்காகிவிடும்.

ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பலுக்காக. வேகமாகச் சுற்றும் நீராவி டர்பைனின் சுழற்சியைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குக் கொடுப்பதுதான் அவருடைய நோக்கம். காருக்கு இது வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

எண்ணெய் வழியாக விசை போகும்போது கொஞ்சம் வழுக்கல் இருந்தே தீரும், அதாவது டர்பைன் இம்பெல்லரைவிடக் கொஞ்சம் மெதுவாகவே சுற்றும். வழுக்கல் என்றால் சூடு. அதைத் தவிர்க்கத்தான் லாக்-அப் கிளட்ச். சீரான வேகம் வந்ததும் அது கூட்டையும் டர்பைனையும் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும், வழுக்கல் நின்றுவிடும். நம்மூரில் கன்வெர்ட்டர் கெட்டுப்போவதில் பெரும்பங்கு இந்த லாக்-அப் கிளட்சின் உராய்வுப் பட்டை தேய்வதால்தான்.

இப்போது நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போகும்போது கல் ஏற்றிய டாரஸ் லாரிக்குப் பின்னால் மாட்டினால் இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர வேண்டும். வடசேரியிலும் செட்டிகுளத்திலும் நின்று நின்று போக வேண்டும். மலையோரம் போனால் பேச்சிப்பாறை, கீரிப்பாறைச் சாலைகளில் ஏற்றமும் வளைவும். இந்த மூன்று இடத்திலும் லாக்-அப் பிடிக்க வாய்ப்புக் குறைவு. எண்ணெய் வழியாகவே விசை போய்க்கொண்டிருக்கும், சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

நோய் எது என்று பார்ப்பது

எடுத்த எடுப்பில் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். இறக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன.

நாகர்கோவிலிலிருந்து தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி போகும் சாலையில், வண்டிகள் குறைவான காலை நேரத்தில், 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மட்டும் அழுத்திச் சீராக ஓட்டுங்கள். வேகத்தடைக் கோடுகள் மேல் ஏறியது போன்ற நடுக்கம் சில நொடிகள் வந்து போகிறதா? அந்த நடுக்கம் இருக்கும்போதே, ஆக்ஸிலேட்டரை எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலைப் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் ஸ்விட்ச் தொட்டதும் கணினி லாக்-அப்பை விடுவித்துவிடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் கோளாறு லாக்-அப் பக்கம். நிற்காவிட்டால் டயர், ஆக்ஸில், எஞ்சின் மவுண்ட் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். இடது கால் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். பின்னால் வண்டி வரும்போது இதைச் செய்யவே கூடாது.

ஆடி மாதத்தில் இந்தச் சோதனை செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும் காலம் அது. முப்பந்தல் பக்கமிருந்து நாகர்கோவிலை நோக்கி வரும்போது எதிர்காற்றில் எஞ்சினுக்குச் சுமை கூடும், லாக்-அப் விட்டு விட்டுப் பிடிக்கும், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும். அதைப் பார்த்துவிட்டு கன்வெர்ட்டர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு திசையிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஸ்கேனர், வண்டியின் கணினியோடு இணைத்து விவரம் படிக்கும் கருவி. கியர்பாக்ஸ் கணினியில் லாக்-அப் வழுக்கல் எத்தனை ஆர்பிஎம் என்று நேரடியாகக் காட்டும். முழுதாகப் பிடித்த நிலையில் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். சில புதிய கியர்பாக்ஸ்களில் கொஞ்சம் வழுக்கலை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள், எனவே தயாரிப்பாளர் சொன்ன அளவோடுதான் ஒப்பிட வேண்டும். பி0741 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால் லாக்-அப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை என்று பொருள். கன்வெர்ட்டரே கெட்டிருக்கலாம், எண்ணெய் ஓட்டத்தைப் பிரித்துவிடும் வால்வ் பாடியில் உள்ள மின்வால்வான சொலினாய்டும் கெட்டிருக்கலாம். குறியீடு வந்ததை மட்டும் வைத்துப் பாகம் வாங்கினால் பணம் வீணாக வாய்ப்புண்டு.

மூன்றாவது எண்ணெய். நல்ல ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) பெரும்பாலும் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கறுத்துக் கருகிய வாடை வந்தால் உராய்வுப் பட்டைகள் எரிந்திருக்கின்றன. அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் கன்வெர்ட்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை, கியர்பாக்ஸையே பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலர் கசிந்திருக்கும், அல்லது மழைக்காலத்தில் தேங்கிய வெள்ளத்தில் வண்டி இறங்கி கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாக உள்ளே போயிருக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பட்ட உராய்வுப் பட்டையின் பசை விட்டுவிடும்.

நடுக்கம் மட்டும் இருந்து, எண்ணெய் கருகாமலும் சில்லு இல்லாமலும் இருந்தால், முதலில் எண்ணெயை மாற்றிப் பாருங்கள். ஒருமுறை வடித்து ஊற்றினால் பாதிக்கும் குறைவாகவே மாறும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். எனவே இடையில் கொஞ்சம் ஓட்டி, இரண்டு மூன்று முறை வடித்து ஊற்ற வேண்டும். இதிலேயே சரியாகிப் போகும் வண்டிகள் உண்டு.

எதை வாங்குவது: ஸ்டால் ஸ்பீடு என்ற கவர்ச்சி

'அப்கிரேட்' என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஹை ஸ்டால் கன்வெர்ட்டர். பிரேக்கை அழுத்திப் பிடித்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் வரை ஏறி நிற்கிறதோ அதுதான் ஸ்டால் ஸ்பீடு. சாதாரண கார்களில் பெரும்பாலும் 2000-ஐ ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இருக்கும். பந்தய வண்டிகளில் இதைக் கூட்டுவார்கள். அங்கே எஞ்சினின் சக்தி உயர்ந்த ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது, கிளம்பும்போதே அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

நம்மூரில் ஓடும் டீசல் வண்டிகளுக்கு இது பொருந்தாது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களின் முழு முறுக்குவிசை 1500-லிருந்து 2500 ஆர்பிஎம்முக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ஸ்டாலை 3000-க்குக் கொண்டுபோனால் நல்ல இடத்தைத் தாண்டி வெறும் எண்ணெயைக் கலக்கிக்கொண்டிருப்போம். குலசேகரம் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒர்க்‌ஷாப்பில் கேட்டதைக் கேட்டிருக்கிறேன். "அண்ணே, ஸ்டால் கூட்டிப் போட்டா பேச்சிப்பாறை ஏத்தம் சும்மா ஏறுமில்லா?" மெக்கானிக் சொன்ன பதில்: "ஏறாது தம்பி, ஆயில்தான் சூடாகும். ஏத்தத்துக்கு நீ முதல்ல கூலரைப் பாரு." இதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

ஸ்டால் ஸ்பீடு கன்வெர்ட்டரின் மேல் பொறித்துவைத்த நிலையான எண் அல்ல என்பதும் புதியவர்களுக்குத் தெரிய வேண்டும். எஞ்சின் முறுக்குவிசையின் வர்க்கமூலத்தோடு அது ஏறும். 200 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினுக்குப் பின்னால் 2000-இல் நிற்கும் கன்வெர்ட்டரை 300 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் போட்டால் சுமார் 2450-இல் நிற்கும். ஆகவே ஏற்கெனவே ட்யூனிங் செய்து முறுக்குவிசையைக் கூட்டிய வண்டியில், கன்வெர்ட்டரைத் தொடாமலே ஸ்டால் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கூடுதல் ஸ்டால் தேவையே இல்லை. கூடுதல் விசையைத் தாங்கிப் பிடிக்கும் லாக்-அப்தான் தேவை.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கடையில் தயாராகக் கிடைக்கும் ஹை ஸ்டால் கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பின்சக்கர இயக்க வண்டிகளின் கியர்பாக்ஸ்களுக்கானவை. நம் கார்களுக்குக் கிடைப்பது கம்பெனிப் புதியது, அல்லது பிரித்துச் சரிசெய்த ரீபில்ட். போதாததற்கு நம் வண்டிகளின் கணினி எந்த வேகத்தில் எவ்வளவு வழுக்கல் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் லாக்-அப்பை இயக்குகிறது. ஸ்டால் மாறினால் மென்பொருளையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

என் பரிந்துரை இது. ஸ்டால் ஸ்பீடு கம்பெனி அளவிலேயே இருக்கட்டும், உள்ளே இருக்கும் சரக்கு மேம்படட்டும். ரீபில்ட் செய்பவர் கன்வெர்ட்டரைக் கடைசல் இயந்திரத்தில் வெல்டிங் ஓரமாக அறுத்துத் திறந்து, கழுவி, லாக்-அப் பட்டை, பேரிங், சீல் எல்லாவற்றையும் மாற்றி, திரும்ப வெல்டிங் செய்து, கசிவும் பேலன்ஸும் பார்த்துத் தர வேண்டும். கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்: லாக்-அப்புக்கு என்ன பட்டை ஒட்டுகிறீர்கள்? ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் புதிதா? கியர்பாக்ஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியின் ஓட்டம், அதாவது சுற்றும்போது மையம் விலகும் அளவு, எவ்வளவு? கடைசிக் கேள்விக்குக் கால் மில்லிமீட்டருக்குள் என்று அளந்து எழுதித் தருபவரிடம் கொடுங்கள். "எல்லாம் சரியா இருக்கும் சார்" என்று வாயால் சொல்பவரிடம் வேண்டாம்.

கூலர்: கன்வெர்ட்டரோடு சேர்த்தே செய்ய வேண்டியது

ஏடிஎஃப் 80, 90 டிகிரியில் நிம்மதியாக உழைக்கும். 120-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் வேகமாகக் கெடும். மலையோரம் அடிக்கடி போகிறவர்கள், ஏழு பேர் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள், வெளியே தனியாக ஒரு கூலர் வைப்பது கன்வெர்ட்டர் மாற்றுவதைவிடவும் பலன் தரும். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் தாண்டி எண்ணெய் திரும்பி வரும் குழாயில் இதை இணைக்க வேண்டும். ஏசி கண்டென்சருக்கு முன்னால், காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் பொடிந்து போகும், இரும்புக் குழாய்களின் இணைப்பில் துரு ஏறும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால், அழுத்தம் இல்லாமல், முன்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

பழைய எண்ணெயில் கருகலோ சில்லோ இருந்திருந்தால், பழைய கூலரையும் குழாய்களையும் சுத்தம் செய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போடக் கூடாது. உள்ளே தங்கிய அழுக்கு முதல் நாளே புதியதற்குள் போய்விடும்.

வேலை நடக்கும்போது

கியர்பாக்ஸை இறக்குவது வீட்டு முற்றத்தில் ஜாக்கி போட்டுச் செய்யும் வேலையல்ல. லிஃப்ட்டும் டிரான்ஸ்மிஷன் ஜாக்கியும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, எண்ணெய் வடிப்பது, ஆக்ஸில்களை உருவுவது, கிராங்க் புல்லியைத் திருப்பித் திருப்பிக் கன்வெர்ட்டர் போல்ட்களைத் துவாரம் வழியாகக் கழற்றுவது எல்லாம் பழகிய மெக்கானிக்குக் கைவந்த வேலை. அதை விவரிக்கவில்லை. ஆனால் பின்வரும் இடங்களில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பழையதையும் புதியதையும் தரையில் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். வெளி விட்டம், மொத்த உயரம், நடு மூக்கின் விட்டம், கழுத்தின் விட்டம், உள்ளே உள்ள பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள் எல்லாம் பொருந்த வேண்டும். ஒன்று மாறினாலும் திருப்பி அனுப்புங்கள்.

கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே அதன் எண்ணெய்ப் பம்ப்பின் முன் சீல், இன்புட் ஷாஃப்ட்டின் ஓ-ரிங், எஞ்சினின் பின் ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். சீல் விலை கொஞ்சம்தான், திரும்ப இறக்கும் கூலிதான் பெரிது. எஞ்சின் பக்கத்தில் கன்வெர்ட்டரைப் போல்ட் போட்டுப் பிடிக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து வருவதுதான் மொத்த வேலையின் உயிர். புதுக் கன்வெர்ட்டருக்குள் சுமார் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, கழுத்தில் எண்ணெய் தடவி, கியர்பாக்ஸுக்குள் மெதுவாக நுழைக்க வேண்டும். ஒரே தள்ளில் அது உட்காராது. டர்பைன் பற்களும், ஸ்டேட்டர் பற்களும், பம்ப்பைச் சுற்றவைக்கும் காதுகளும் தனித்தனியே பொருந்த வேண்டும். உள்ளங்கையால் லேசாக உள்நோக்கி அழுத்தியபடி சுற்றிக்கொண்டே இருந்தால் 'டக்' என்று ஒரு படி உள்ளே போகும். மீண்டும் சுற்றினால் இன்னொரு 'டக்'. பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் மூன்றாவது 'டக்' கேட்கும்போதுதான் முழுதாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவதிலேயே உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றும். அங்கேதான் ஏமாறுவார்கள். காதை மட்டும் நம்பாமல், கன்வெர்ட்டரை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் முன் கூடான பெல் ஹவுசிங் விளிம்பின் மேல் ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து, அதிலிருந்து கன்வெர்ட்டர் முகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பழையதைக் கழற்றும் முன் எடுத்த அளவும், சர்வீஸ் மேனுவல் அளவும், இதுவும் ஒத்துவர வேண்டும்.

இப்போது கியர்பாக்ஸை ஏற்றி எஞ்சினோடு சேர்க்கும்போது, இரண்டும் கைப்பலத்திலேயே விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்கும்போதே போல்ட் போட்டு இறுக்கி இழுக்கக் கூடாது. அப்படி இழுத்தால் சரியாக உட்காராத கன்வெர்ட்டர் பம்ப்பை நசுக்கிவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பம்ப் உடைந்து, மொத்தத்தையும் திரும்ப இறக்க வேண்டிவரும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, முன்னால் இழுத்துத்தான் போல்ட் போட வேண்டியிருக்கும். இடைவெளியே இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கன்வெர்ட்டர் போல்ட்கள் அதே நீளத்தில்தான் இருக்க வேண்டும். நீளமான போல்ட் கூட்டை உள்நோக்கிக் குத்திப் புடைக்கவைக்கும். அதன் மறுபக்கம்தான் லாக்-அப் பட்டை பிடிக்கும் முகம். புதிய கன்வெர்ட்டர் ஓடும் முன்பே கெட்டுப்போகும். டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிர் வரிசையில் இறுக்க வேண்டும்.

எண்ணெயும் ஓட்டிப் பார்த்தலும்

எண்ணெய் வகையில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓனர் மேனுவலில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று விற்பது பெரும்பாலும் லாக்-அப் நடுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும். முதலில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் கால் வைத்து எல்லா கியரிலும் சில நொடி நிறுத்தி, திரும்ப ஊற்ற வேண்டும். பல புதிய வண்டிகளில் அளவுக்குச்சி கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்துக்கு வந்ததும், எஞ்சின் ஓடும் நிலையில், வழிந்து வரும் துளையைத் திறந்துதான் மட்டம் பார்க்க வேண்டும். அந்த வெப்பத்தை ஸ்கேனரில் பார்த்துச் செய்யாவிட்டால் மட்டம் தப்பாகவே இருக்கும். பிறகு கியர்பாக்ஸ் கணினி பழைய கன்வெர்ட்டருக்காகக் கற்றுவைத்ததை ஸ்கேனரில் அழித்துப் புதிதாகக் கற்கவைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கியர் மாறும்போது வண்டி குதிக்கும், புதுப் பாகத்தின் மேல் வீணாகச் சந்தேகம் வரும்.

முதல் ஓட்டம் சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி வரை போதும். சமதளம், மிதமான வேகம். திரும்பி வந்து அடியில் கசிவு பாருங்கள். அடுத்த நாள் ஆரல்வாய்மொழிச் சாலையில் முன்பு செய்த அதே 70 கிலோமீட்டர் சோதனை, அதே ஸ்கேனர் எண்கள். எல்லாம் சரி என்றால் அப்புறம் பேச்சிப்பாறை. அங்கே ஏறும்போது எண்ணெய் வெப்பம் எதுவரை போகிறது என்று பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

சட்டப்படி, அதே அளவிலான கன்வெர்ட்டர் மாற்றுவதால் ஆர்சி புத்தகத்தில் உள்ள எந்த விவரமும் மாறுவதில்லை. ஆனால் வாரண்டி காலத்துக்குள் இருக்கும் வண்டியில் வெளியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். நடுக்கம் இருந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, ஜாப் கார்டில் பதியவைத்து, கம்பெனி செலவிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை ஒருமுறை வடித்துப் புதிதாக ஊற்றுவது நல்லது. அப்போது காந்தத்தையும் பாருங்கள். பழைய கன்வெர்ட்டரை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ரீபில்ட் செய்பவர்கள் பழைய கூட்டை எடுத்துக்கொண்டு அதற்கு விலை கழிப்பது வழக்கம். கழிக்காவிட்டால் வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அடுத்த முறை அதையே ரீபில்டுக்குக் கொடுக்கலாம்.